துதித்து, ஜெபித்து, நிலைநிற்பது எப்படி? வீட்டிலிருந்தே தொடங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தகரக் கொட்டகையின் கீழ், வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் நடக்கிறது. பன்னிரண்டு பேர், சில வாரங்களில் பதினைந்து பேர் வருவார்கள், பெரும்பாலும் பெண்கள். புதிதாக வருகிறவர்கள் படியேறி வந்து மூச்சு வாங்கிய கையோடு, ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “அக்கா, நான் ஜெபிக்க ஆரம்பிச்ச பிறகுதானே வீட்டுல இத்தனை பிரச்சினை? அது ஏன்?”

இந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்தில் அழுதுகொண்டே கேட்டிருக்கிறேன். அதற்குக் கிடைத்த விடை ஒரு வாக்கியமாக வரவில்லை. பல ஆண்டுகள் விழுந்தும் எழுந்தும் கற்ற ஒழுங்காக வந்தது. அந்த ஒழுங்கைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இதற்கு வேண்டியவை ஒரு வேதாகமம், ஒரு நோட்டுப்புத்தகம், ஒரு பேனா, ஒரு நாளில் இருபது நிமிடம். பெரிய ஊழியர்கள் எவரும் உங்கள் வீட்டுக்கு வந்து எதையும் தொடங்கி வைக்க வேண்டியதில்லை.

முதற்படி: எதிராளி யார் என்று தெளிவாக அறிந்துகொள்ளுங்கள்

எபேசியர் 6:12இல் பவுல் முதலில் சொல்வது, நமக்குள்ள போராட்டம் “மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல” என்பதுதான். துரைத்தனங்கள், அதிகாரங்கள், அந்தகார லோகாதிபதிகள் என்று அடுத்து வரும் சொற்கள் நம் காதில் பலமாக ஒலிப்பதால், இந்த முதற்சொற்களை நாம் விரைவாகக் கடந்துபோய்விடுகிறோம். ஆனால் என் அனுபவத்தில், ஜெபிக்கிற குடும்பங்கள் தோற்றுப்போகிற முதல் இடம் இதுவே.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் தட்டிப்போனாலோ, வாங்கிய வண்டி முதல் வாரத்திலேயே விபத்துக்குள்ளானாலோ, “யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்” என்ற பேச்சு உடனே எழும். அந்த “யாரோ” பெரும்பாலும் ஓரகத்தியாகவோ, பங்காளி வீட்டாராகவோ இருப்பார்கள். கிறிஸ்தவ வீடுகளில் சொற்கள் மாறுகின்றன, பழக்கம் மாறுவதில்லை. “அவங்க மூலமா பிசாசு கிரியை செய்யறான்” என்று ஒரு மனிதரின் பெயரைச் சொல்லிவிட்டால், அதன்பின் அவருக்காக நாம் செய்யும் ஜெபம் அவருக்கு எதிரான ஜெபமாக மாறிவிடுகிறது. நான் என் தம்பிக்கு இதைச் செய்தேன். அவன் குடிக்க ஆரம்பித்திருந்த காலம் அது. இரவில் தள்ளாடி வரும்போது, அவன் காதில் விழும்படியாகவே, “சாத்தானே, அப்பாலே போ” என்று உரத்த சத்தமாய் ஜெபித்தேன். அவன் வாசலிலேயே நின்று, “நான் சாத்தானாக்கா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அன்று இரவு எதிராளி ஜெயித்தான், அதுவும் என் ஜெபத்தைக் கொண்டே ஜெயித்தான் என்பதை உணர எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஆகவே ஒரு துன்பம் வரும்போது, “இது எங்கிருந்து வருகிறது?” என்று அமர்ந்து நிதானியுங்கள். சில துன்பங்கள் இந்த உலகத்தில் வாழ்வதால் எல்லாருக்கும் வருபவை. கடலூரில் வசிக்கிற எவருக்கும் புயலையும் வெள்ளத்தையும் பற்றி விளக்க வேண்டியதில்லை. சில துன்பங்கள் நாமே வாங்கிக்கொண்டவை. வட்டிக்கு வாங்கிய கடனுக்குச் சாத்தானைக் கடிந்துகொள்வதால் அசல் குறைவதில்லை. சில, பிறர் நமக்குச் செய்யும் அநியாயங்கள். அவற்றுக்கு ஜெபத்தோடு சட்டத்தின் வழியும் உண்டு, பவுலே இராயனிடம், அதாவது ரோமப் பேரரசனிடம், மேல்முறையீடு செய்தார். இவை எல்லாவற்றுக்குள்ளும் எதிராளி நுழைய முடியும் என்பது உண்மை. அவன் நுழைந்ததை எப்படி அறிவது? அவனுடைய வேலைகளை வேதம் பெயர் சொல்லிக் காட்டுகிறது: அவன் பொய்க்குப் பிதா (யோவான் 8:44), சகோதரர்மேல் இரவும் பகலும் குற்றஞ்சாட்டுகிறவன் (வெளிப்படுத்தின விசேஷம் 12:10), சோதனைக்காரன் (மத்தேயு 4:3). எனவே, “இந்தத் துன்பம் தேவனைக் குறித்து என்னை என்ன நம்பச் சொல்கிறது?” என்று கேளுங்கள். “அவர் உன்னைக் கைவிட்டார்”, “உனக்கு இனி மன்னிப்பில்லை”, “உன் தம்பி ஒருநாளும் திருந்தமாட்டான்” என்ற வாக்கியங்கள் உள்ளே ஒலித்தால், போராட்டம் அங்கேதான் நடக்கிறது.

நோயைக் குறித்து இங்கேயே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷமாய்க் கூனியாயிருந்த ஸ்திரீயைச் சாத்தான் கட்டியிருந்தான் என்று இயேசு சொன்னார் (லூக்கா 13:16). பிறவிக் குருடனைக் குறித்தோ, அது அவன் செய்த பாவமுமல்ல, அவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்றார் (யோவான் 9:3). எல்லா நோய்க்கும் ஒரே காரணத்தைச் சூட்டுகிறவர்கள் வேதத்தைப் பாதிதான் வாசித்திருக்கிறார்கள். பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். தூக்கமே வராமை, காதில் குரல்கள் கேட்பது, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஆகியவை இருந்தால், ஜெபத்தோடுகூட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அழைத்துப் போங்கள்; அவசரமாகப் பேச வேண்டுமானால் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். மருந்தை நிறுத்தச் சொல்லும் எவருடைய ஜெபத்திற்கும் உங்கள் வீட்டுக் கதவைத் திறக்காதீர்கள்.

இரண்டாம் படி: இடமும் வேளையும் குறியுங்கள்

தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டான். அப்படி ஜெபிப்பதைத் தடைசெய்த ராஜாவின் கட்டளைப் பத்திரம் கையெழுத்தான பிறகும் “முன் செய்துவந்தபடியே” செய்தான் (தானியேல் 6:10). சிங்கக்கெபியின் அற்புதத்திற்கு முன்னால் இருந்தது ஒரு பழக்கம். புதுச்சேரியில் கத்தோலிக்க அன்பர்கள் காலை, நண்பகல், மாலை என்று கோவில் மணியோசைக்கு மூவேளை செபம் சொல்லும் மரபும் அதே ஒழுங்கைச் சேர்ந்ததுதான். நேரம் குறிக்காத ஜெபம் மற்ற வேலைகளுக்குப் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் படுக்கையில் பாதித் தூக்கத்தில் முடிகிறது.

“உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து” என்று மத்தேயு 6:6இல் வாசிக்கும்போது, தனி அறை இல்லாத வீட்டுப் பெண்கள் என்னைப் பார்ப்பார்கள். எங்கள் குழுவில் வருகிற, படகுத் தொழில் செய்யும் வீட்டைச் சேர்ந்த ஒரு சகோதரிக்கு இருப்பது ஒரே கூடம். அவர் கணவர் விடியற்காலை மூன்று மணிவாக்கில் துறைமுகத்துக்குக் கிளம்புவார். அவர் போனதும் இவர் அடுப்படியில், மண்ணெண்ணெய் டின்னுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கோணியை விரித்து, பிள்ளைகள் விழிக்கும்வரை ஜெபிக்கிறார். அந்தக் கோணிதான் அவருடைய அறைவீடு. உங்களுக்குக் குழாயில் தண்ணீர் வருவதற்கு முந்தைய அரைமணி நேரம் கிடைக்கலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியபின் கிடைக்கலாம். எதுவானாலும் ஒரே இடம், ஒரே வேளை. கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். வேதாகமத்தைக் கைப்பேசியில் வாசிக்கிற பழக்கமுள்ளவர்கள் இந்த இருபது நிமிடத்திற்காவது அச்சிட்ட புத்தகத்தை எடுங்கள்.

மூன்றாம் படி: வேண்டுதலுக்கு முன் துதி

இதைத்தான் நான் அதிகமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம்மில் பெரும்பாலோர் முழங்காலிட்டவுடன் பட்டியலைத் திறந்துவிடுகிறோம். பிரச்சினையில் தொடங்குகிற ஜெபம், பல நேரங்களில், கவலைப்படுவதை முழங்காலில் நின்று செய்வதாகவே முடிகிறது.

ஸ்தோத்திரம், துதி என்ற இரண்டு சொற்களையும் நாம் கலந்தே வழங்குகிறோம். வேதாகமத்திலும் அவை பல இடங்களில் கலந்தே வருகின்றன. ஆனாலும் பயிற்சிக்காக ஒரு வேறுபாட்டை வைத்துக்கொள்வது நல்லது: அவர் நமக்குச் செய்தவற்றுக்காக நன்றி சொல்வது ஸ்தோத்திரம், அவர் எப்படிப்பட்டவரோ அதற்காக அவரைப் புகழ்வது துதி. ஸ்தோத்திரத்திற்கு நம் வாழ்க்கையில் ஏதாவது நடந்திருக்க வேண்டும். துதிக்கு ஒன்றும் நடக்க வேண்டியதில்லை, அவர் மாறாதிருந்தால் போதும். ஆகையால்தான் ஒன்றும் நடக்காத நாட்களில் துதி நம்மைத் தாங்குகிறது.

செய்முறை இதுதான். ஒரு துதியின் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; 103, 145, 146 ஆகியவை தொடங்குவதற்கு ஏற்றவை. ஒரு வசனத்தை வாய்விட்டு வாசியுங்கள். பிறகு அதை அவரை நோக்கித் திருப்பிச் சொல்லுங்கள். “கர்த்தர் உருக்கமும், இரக்கமும், நீடிய சாந்தமும், மிகுந்த கிருபையுமுள்ளவர்” என்று 103:8 சொல்கிறது. அதை “கர்த்தாவே, நீர் உருக்கமுள்ளவர், நேற்று நான் பிள்ளையிடம் எரிந்து விழுந்தபோதும் நீர் என்னிடம் நீடிய சாந்தமாயிருந்தீர்” என்று உங்கள் வீட்டுச் சொற்களால் நீட்டுங்கள். ஒரு வசனத்தில் இரண்டு நிமிடம் தங்கலாம். ஆயிரம் ஸ்தோத்திரங்களை எண்ணி ஒப்பிக்கிற பழக்கமுள்ளவர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன், என் அம்மா அப்படித்தான் ஜெபித்தார். ஆனால் தொடங்குகிறவர்களுக்கு, எண்ணிக்கையைவிட, பத்துத் துதிகளை உணர்ந்து சொல்வதே பலன் தருகிறது.

அடுத்த வாரத்தில் 136ஆம் சங்கீதத்துக்கு வாருங்கள். அதன் இருபத்தாறு வசனங்களும் கர்த்தருடைய கிருபை என்றுமுள்ளது என்ற ஒரே பல்லவியில் முடிகின்றன. வானத்தையும் பூமியையும் படைத்ததில் தொடங்கி, எகிப்து, சிவந்த சமுத்திரம், வனாந்தரம் என்று ஒரு ஜனத்தின் வரலாறு முழுவதும் அந்தப் பல்லவியோடு கோக்கப்பட்டிருக்கிறது. நோட்டுப்புத்தகத்தில் உங்கள் சொந்த வரலாற்றை அதேபோல் எழுதுங்கள்: பிறந்த ஊர், படிக்க வைத்தவர், பிழைத்த நோய், இழந்த ஆள், அடைத்த கடன், ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அதே பல்லவி. இழப்புகளுக்குப் பின்னால் அந்தப் பல்லவியை எழுதும்போது கை நின்றுபோகும். நிற்கட்டும். எழுத முடிகிற அன்றைக்கு எழுதுங்கள்.

பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. மறுநாள் இரவு வருஷக் கடைசி இரவு ஆராதனை. மின்சாரம் இல்லை, தெருவெங்கும் மரங்கள். ஆலயத்துக்குப் போவோமா என்று யோசித்து, கடைசியில் டார்ச் விளக்கோடு விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டிப் போனோம். கூரையின் ஒரு பக்கத்தில் வானம் தெரிந்தது. மெழுகுவர்த்திகள் அணைந்து அணைந்து எரிந்தன. கீபோர்டு இல்லை, மைக் இல்லை, பாட்டின் வரிகளைக் காட்டும் திரையும் இல்லை. போதகரான ஐயர் பாடலாம் என்றபோது, திரையில் வரி வந்தால் மட்டும் பாடத் தெரிந்த எங்களைப் போன்ற இளையவர்கள் ஊமையாய் நின்றோம். அப்போது முன்வரிசையில், ஈரப்புடவையோடு உட்கார்ந்திருந்த மூன்று நான்கு மூதாட்டிகள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லாமல், ஒரு பழைய கீர்த்தனையை எடுத்து ஐந்து சரணங்களையும் மனப்பாடமாகப் பாடினார்கள். ஓட்டு வீட்டை முந்தின நாள் இழந்த ஒருவர் அவர்களில் இருந்தார். மூன்றாம் சரணத்தில்தான் எங்களுக்குப் பல்லவியே பிடிபட்டது.

பவுலும் சீலாவும் பிலிப்பியில் அடிபட்டுத் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, நடுராத்திரியில் பாடினார்கள் (அப்போஸ்தலர் 16:25). அங்கே விளக்கும் இல்லை, பாட்டுப்புத்தகமும் இல்லை. உள்ளே ஏற்கெனவே இருந்ததுதான் வெளியே வந்தது. ஆகையால் மாதத்திற்கு ஒரு பாட்டு, எல்லாச் சரணங்களோடும், மனப்பாடம் செய்யுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். மின்சாரம் போகிற இரவுக்கென்று நீங்கள் சேர்த்து வைக்கும் எண்ணெய் அது.

ஒரு எச்சரிக்கை. துக்கத்தில் இருக்கிறவர்களிடம், “துதியுங்கள், சரியாகிவிடும்” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் தேவனாம்பட்டினத்துக்குள்ளும் சோனாங்குப்பத்துக்குள்ளும் புகுந்து பிள்ளைகளைக் கொண்டுபோனது; அந்தத் தாய்மார்களின் முன்னால் இப்படிப் பேசியவர்களும் இருந்தார்கள். வேதம் அப்படிப் பேசுவதில்லை. 13ஆம் சங்கீதம் “எதுவரைக்கும்” என்று நான்கு தரம் கேட்ட பிறகே துதிக்கு வருகிறது. 88ஆம் சங்கீதம் துதிக்கு வராமலே முடிந்துபோகிறது, ஆனாலும் அதுவும் ஆலயத்தில் பாடக் கொடுக்கப்பட்ட பாட்டுதான். தேவனை நோக்கி அழுகிறவர் தேவனை விட்டுப் போய்விடவில்லை. துக்கக்காரர் உங்கள் ஜெபத்துக்கு வந்தால் 13ஐயோ 88ஐயோ அவரோடு சேர்ந்து வாசித்துவிட்டு, பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

நான்காம் படி: உள்ளே திறந்து கிடக்கும் கதவை அடைத்துவிடுங்கள்

“சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது, பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்” என்று எபேசியர் 4:26, 27 சேர்த்தே சொல்கிறது. அதாவது, ஆறாம் அதிகாரத்தின் பெரிய போராட்டத்துக்கு இரண்டு அதிகாரம் முன்னாலேயே, எதிராளிக்கு இடம் கிடைக்கும் வாசலைப் பவுல் காட்டிவிடுகிறார்: இரவு தாண்டிய கோபம். வரப்புத் தகராற்றில் அண்ணனோடு ஆறு வருஷம் பேசாதிருக்கிறவர் வீட்டைச் சுற்றி எண்ணெய் பூசி ஜெபிப்பதைப் பார்த்திருக்கிறேன். வாசல் வேறு பக்கம் திறந்து கிடந்தது.

துதித்த பின் இரண்டு நிமிடம் மௌனமாய் இருங்கள். நினைவுக்கு வருகிற பாவத்தை அதன் பெயரைச் சொல்லி அறிக்கையிடுங்கள். “நான் பாவி” என்று பொதுவாகச் சொல்வது எளிது, “நேற்று கணக்கில் நூறு ரூபாயைக் குறைத்துச் சொன்னேன்” என்பது கடினம். மன்னிக்க வேண்டியவர் பெயரையும் சொல்லுங்கள். மனம் ஒத்துழைக்காவிட்டால், “மன்னிக்க எனக்கு மனதில்லை, மனதைத் தாரும்” என்று உள்ளதை உள்ளபடி கேளுங்கள். மன்னிப்பது என்பது அடி வாங்கிக்கொண்டே இருப்பது ஆகாது. கணவரால் அடிபடும் பெண்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போய், 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள், அங்கிருந்து ஜெபியுங்கள்.

ஐந்தாம் படி: யோசபாத்தைப்போல் கேளுங்கள்

இப்போது பட்டியலைத் திறக்கலாம். எப்படிக் கேட்பது என்பதற்கு 2 நாளாகமம் 20ஆம் அதிகாரத்தைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. மோவாப் புத்திரரும் அம்மோன் புத்திரரும் திரளாய் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு யோசபாத் ராஜா பயந்தான். அவன் பயந்தான் என்பதை வேதம் மறைக்கவில்லை. பயந்து, உபவாசம் கூறுவித்து, ஆலயப் பிராகாரத்தில் நின்று ஜெபித்தான். அந்த ஜெபத்தில் முதலில் தேவன் யார் என்பது வருகிறது (6ஆம் வசனம்), பிறகு அவர் முன்பு செய்தவை (7ஆம் வசனம்), பிறகு இப்போது நடப்பது (10, 11 வசனங்கள்), கடைசியில் “நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை” என்ற ஒப்புதல், அதனோடு ஒட்டியபடியே, எங்கள் கண்கள் உம்மை நோக்கியிருக்கின்றன என்ற வார்த்தை (12ஆம் வசனம்). அவன் தேவனுக்குத் திட்டம் எதையும் வகுத்துக் கொடுக்கவில்லை.

உங்கள் நோட்டில் ஒரு பக்கத்தை இந்த நான்கு பகுதிகளாக எழுதுங்கள். தேதி போடுங்கள். வேண்டுதல் குறிப்பானதாக இருக்கட்டும்: “குடும்பத்தை ஆசீர்வதியும்” என்பதைவிட, “இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் கல்லூரிக் கட்டணத்துக்கு வழி காட்டும்” என்பது, விடை வரும்போது அதை அடையாளம் கண்டுகொள்ள உதவும். வலப்பக்கத்தை விடைக்காகக் காலியாக விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பின்னோக்கிப் புரட்டுங்கள்.

அந்த அதிகாரத்தில் அடுத்து நடந்ததையும் கவனியுங்கள். பாடகர்கள் யுத்தம் முடிந்தபின் வரவில்லை. ஆயுதம் அணிந்தவர்களுக்கு முன்னே நடந்து, அவர் கிருபை என்றும் உள்ளதென்று பாடினார்கள். அதே 136ஆம் சங்கீதத்தின் பல்லவி. மூன்றாம் படியில் நீங்கள் நோட்டில் எழுதியது போர்முனைக்குக் கொண்டுபோகப்படுகிற பாட்டு.

ஆறாம் படி: எதிர்த்து நில்லுங்கள்

யாக்கோபு 4:7இல் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் தேவனுக்குக் கீழ்ப்படிதல், பிறகு பிசாசுக்கு எதிர்த்து நிற்றல், பிறகு அவன் ஓடுதல். முந்தைய படிகளை விட்டுவிட்டு இங்கே வந்து தொடங்குகிறவர்கள் சத்தம் போடுவார்கள், களைத்துப்போவார்கள். ஸ்கேவாவின் குமாரர் ஏழு பேர், பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் நாமத்தைச் சொல்லிப் பார்த்து, காயத்தோடு ஓடிப்போனதை அப்போஸ்தலர் 19 சொல்கிறது. பிரதான தூதனாகிய மிகாவேலே பிசாசைத் தூஷணமாய்க் குற்றப்படுத்தத் துணியாமல், கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக என்று மட்டும் சொன்னதாக யூதா நிருபம் சொல்கிறது. அரைமணி நேர ஜெபத்தில் இருபது நிமிடம் பிசாசோடு பேசுகிற கூட்டங்களில் நான் இருந்திருக்கிறேன். பேச வேண்டியவரோடு பேசுங்கள்.

எபேசியர் ஆறாம் அதிகாரத்தில் 11, 13, 14 ஆகிய மூன்று வசனங்களிலும் “நிற்பது” என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. முன்னேறிப் பிடிக்கச் சொல்லவில்லை. கிறிஸ்து பிடித்துக் கொடுத்த இடத்தை விட்டு நகராதிருக்கச் சொல்கிறது. அதே இடத்தில் பவுல் அணியச் சொல்கிற மார்க்கவசமும் தலைச்சீராவும் முதலில் யார் அணிந்தவை என்று ஏசாயா 59:17இல் பாருங்கள்: கர்த்தரே அணிந்தவை. சர்வாயுதவர்க்கம், அதாவது இந்த முழுப் போர்க்கோலம், நாம் செய்துகொள்வதல்ல, அவருடையதை நாம் உடுத்திக்கொள்வது. சத்தியமாகிய கச்சை என்றால் பொய் சொல்லாத வீடு. நீதியாகிய மார்க்கவசம் என்றால் கிறிஸ்துவின் நீதியை நம்பி நேர்மையாய் நடப்பது. இப்படி ஒவ்வொன்றையும் உங்கள் நடைமுறையில் பொருத்திப் பார்க்கலாம். கேடகத்தைப் பற்றி மட்டும் ஒன்று: பவுல் சொல்வது ரோமப் போர்வீரனின் உடலை மறைக்கும் பெரிய கேடகம்; வீரர்கள் நெருங்கி நின்று அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துச் சுவராக்குவார்கள். தனி ஆளாக நிற்பதற்கென்று செய்யப்பட்ட கேடகம் அல்ல அது.

தாக்குவதற்கென்று இருப்பது ஆவியின் பட்டயமாகிய தேவவசனம் ஒன்றுதான். வனாந்தரத்தில் இயேசு அதை எப்படிப் பிடித்தார் என்று பாருங்கள். மூன்று சோதனைக்கும் மூன்று வசனங்கள், மூன்றும் உபாகமத்தின் ஆறாம், எட்டாம் அதிகாரங்களிலிருந்து, ஒவ்வொன்றும் அந்தந்தச் சோதனைக்குப் பொருத்தமானது. சாத்தானும் 91ஆம் சங்கீதத்தைச் சொன்னான் என்பதால், வசனத்தை அதன் இடத்தோடு சேர்த்துப் படித்திருக்க வேண்டும். நம்மைச் சுற்றி வருகிற பொய்கள் பெரும்பாலும் இரண்டு மூன்றுதான். உங்களுடையது எது என்று கண்டுபிடித்து, அதற்கான வசனத்தை மனப்பாடம் செய்யுங்கள். பயத்திற்கு 2 தீமோத்தேயு 1:7. பழைய பாவத்தைச் சொல்லிக்காட்டும் குற்றச்சாட்டுக்கு ரோமர் 8:1, பிறகு 33, 34. பணக்கவலைக்கு எபிரெயர் 13:5. மீண்டும் மீண்டும் விழும் இச்சைக்கு 1 கொரிந்தியர் 10:13. பொய் எழும்பும்போது வசனத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். கத்த வேண்டாம், அடுத்த அறைக்குக் கேட்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டு, கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். நமக்குத் தெற்கே தரங்கம்பாடியில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதிலிருந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பட்டயம் நம் தாய்மொழியில் நம் கையில் இருக்கிறது. அதை அலமாரியில் வைத்துப் பூச்சூட்டுவதற்காக அவர்கள் அச்சுக் கோக்கவில்லை.

தானே புயல் அடித்த மறுநாள் பண்ருட்டிப் பக்கம் போனவர்கள், பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாக வேரோடு சாய்ந்து கிடந்ததைக் கண்டார்கள். எங்கள் தெரு முனையில் பெரிய வேம்பு விழுந்தது. அதற்குப் பத்தடி தள்ளி நின்ற பனை மட்டைகளை இழந்து, தலைவிரி கோலமாய், ஆனால் நின்றது. “நீதிமான் பனையைப்போல் செழித்து” என்ற 92ஆம் சங்கீதத்தின் 12ஆம் வசனத்தை அதற்குப்பின் என்னால் அந்தப் பனையை நினைக்காமல் வாசிக்க முடிந்ததில்லை. நிற்பது என்றால் அழகாய் நிற்பது என்றில்லை.

ஏழாம் படி: தனியாக நிற்காதீர்கள், விழித்திருங்கள்

அமலேக்கோடு யுத்தம் நடந்தபோது மோசேயின் கைகள் அசந்துபோயின. ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள் (யாத்திராகமம் 17:12). உங்களுக்கும் இரண்டு பேர் வேண்டும். கூட்டம் வேண்டாம், இரகசியம் காக்கிற, உங்களைக் கண்டிக்கத் தைரியமுள்ள இரண்டு பேர். வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம். முதல் பத்து நிமிடம் துதி, பிறகு வேதவாசிப்பு, பிறகு ஒவ்வொருவரும் ஒரே ஒரு வேண்டுதல். அங்கே இல்லாதவரைப் பற்றிய “ஜெபக்குறிப்பு” வேண்டாம். புறங்கூறுதல் பல வீடுகளில் அந்தப் பெயரில்தான் உள்ளே வருகிறது. உபவாசம் இருப்பவர்களில் சர்க்கரை நோயுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் உணவைத் தவிர்க்க வேண்டாம், தொலைக்காட்சியைத் தவிர்க்கலாம்.

நெகேமியா எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டியபோது எதிர்ப்பு வந்தது. அவன் செய்ததை ஒரே வசனம் சொல்லிவிடுகிறது: ஜெபம்பண்ணினார்கள், இரவும் பகலும் ஜாமங்காக்கிறவர்களையும் வைத்தார்கள் (4:9). ஒன்று மற்றொன்றுக்குப் பதில் ஆகவில்லை. ஐம்பத்திரண்டு நாளில் அலங்கம் முடிந்தது. உங்கள் பிள்ளை எந்நேரமும் கைப்பேசியில் எதைப் பார்க்கிறான் என்று கவலைப்பட்டு ஜெபிக்கிற அதே வேளையில், அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

எதிராளி அதிகமாக வருகிற நேரங்களையும் அறிந்துகொள்ளுங்கள். எலியா கர்மேலில் ஜெயித்த உடனேதான் சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டுமென்று கேட்டான் (1 இராஜாக்கள் 19). கர்த்தர் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். முழு இரவு ஜெபத்துக்கு மறுநாள் உங்களுக்குச் சோர்வும் எரிச்சலும் வந்தால், அது தூக்கக்குறைவாகவும் இருக்கலாம். சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

விடை வராத ஜெபங்களும் உண்டு. பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டும், தம் மாம்சத்திலே கொடுக்கப்பட்ட “முள்” என்று அவர் சொன்ன வேதனை எடுபடவில்லை. “என் கிருபை உனக்குப்போதும்” என்ற வார்த்தை கிடைத்தது (2 கொரிந்தியர் 12:9). அப்படிப்பட்ட நாட்களில் நான் பிடித்துக்கொள்வது லூக்கா 22:31, 32. சாத்தான் உங்களைக் கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோல் புடைக்க உத்தரவு கேட்டுக்கொண்டான் என்று இயேசு பேதுருவிடம் சொல்கிறார். என் அம்மா வாசல் திண்ணையில் முறம் புடைப்பதைச் சிறுவயதில் மணிக்கணக்காய்ப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தட்டுக்கும் மணிகள் எல்லாம் முறத்தை விட்டு மேலே எழும்பும். எல்லாம் போயிற்று என்று தோன்றும். உமி காற்றில் விலகும், மணிகள் அதே முறத்தில் வந்து விழும். சாத்தான் உத்தரவு கேட்கத்தான் முடிந்தது. இயேசுவோ, பேதுருவின் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு ஏற்கெனவே வேண்டிக்கொண்டிருந்தார். நாம் ஜெபிக்கத் தொடங்குவதற்கு முன்பே நமக்காக ஒரு ஜெபம் ஏறெடுக்கப்பட்டிருக்கிறது. மாடியில் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு, கேட்டவரின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த இரண்டு வசனங்களைத்தான் முதலில் வாசித்துக் காட்டுகிறேன்.

என் தம்பிக்கான வேண்டுதல் எழுதிய பக்கத்தின் வலப்பாதி பல ஆண்டுகள் காலியாகவே கிடந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்ட நாளில் அங்கே ஒரு வரி எழுதினேன். அது என்னைக் குறித்த வரி. அவன் இன்னும் முழுவதுமாய்க் குடியை விடவில்லை. குடிநோய் மருத்துவரிடம் இரண்டு முறை என்னோடு வந்தான், ஒருமுறை பாதியில் எழுந்து போய்விட்டான். சென்ற ஐப்பசியில், மழைக்கு முன்பாக, யாரும் கூப்பிடாமல் தானே வந்து, ஜெபக் கொட்டகையின் தகரத்தில் ஓட்டை விழுந்த இடங்களுக்குத் தார் பூசிக் கொடுத்தான். அன்று வெள்ளிக்கிழமை. நாங்கள் 136ஆம் சங்கீதத்தை வாசித்துக்கொண்டிருந்தோம். ஒருவர் வசனத்தின் முற்பகுதியை வாசிக்க, எல்லாரும் பல்லவியைச் சொல்வோம். அவன் ஏணியை விட்டு இறங்கி, கையில் தாரோடு, படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்தான். இருபதாம் வசனத்திலோ இருபத்தொன்றிலோ, பல்லவி வரும்போது, எங்கள் குரல்களுக்குப் பின்னால் ஒரு ஆண்குரலும் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தேதியை மட்டும் எழுதி வைத்தேன்.